பூட்டிய மண்டபத்தில் பிடில்

போர்ட் அல்லன், கேப் பிரெட்டன்
12 ஏப்ரல் 1953

அன்புத் தங்கை எஃபிக்கு,

அக்கா மார்செல்லா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நான் நலம். ஈரக்காற்று அடித்தால் முழங்கால் மட்டும் முனகுகிறது. நீயும் லொரெட்டாவும் அங்கே எப்படி இருக்கிறீர்கள்? உன் கடிதத்தில் தேதி இல்லை. தபால் முத்திரையை ஜன்னலுக்கு எடுத்துப்போய்ப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். இனி தேதி போடு.

உன் மகள் லொரெட்டா வால்தமை விட்டு இங்கே வந்து, நம் கோயிலில், ஜூலை பதினான்காம் தேதி செவ்வாய்க்கிழமை கலியாணம் செய்துகொள்வது எனக்குப் பெருமைதான். மாப்பிள்ளை ரோரி நல்ல பையன். சிங்கி இறால் படகில் அப்பாவுக்குச் சமமாக உழைக்கிறான். அவன் அம்மா சுடும் ரொட்டி நடுவில் வேகாது. அதை லொரெட்டா பார்த்துக்கொள்வாள்.

இசையை என்னிடம் விடு. பியானோவுக்கு ஜெசி வருகிறாள். பிடிலுக்கு டூகல்ட் கென்னடியைத் தவிர வேறு யாரும் வேண்டாம் என்பதில் உனக்கும் மாற்றுக் கருத்து இருக்காது. நேற்று அவர் வீட்டுக்குப் போனேன். கலியாணம் என்றால் உடனே சரி என்கிற மனிதர் இந்த முறை தேநீர் ஆறும்வரை வாயைத் திறக்கவில்லை.

"ஜுடிக் பக்கம் சின்னப் பசங்க நல்லா வாசிக்கிறாங்களே, மார்செல்லாம்மா," என்றார்.

"அவங்க வேகமா வாசிக்கிறாங்க. நல்லா வாசிக்கிறது வேற," என்றேன்.

அவர் மனைவி அடுப்பைப் பார்த்தபடி, "ஒத்துக்கங்களேன். வீடு தேடி வந்து கேக்குறாங்கல்ல," என்றாள். ஒப்புக்கொண்டார். வயதானால் மனிதர்களுக்குக் கெஞ்ச வைக்கும் ஆசை வந்துவிடுகிறது போலும்.

விருந்தும் ஆட்டமும் பங்கு மண்டபத்தில். என் சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிரே என்பதால் எல்லாம் என் கண் முன்னால் நடக்கும்.

உன் அக்கா,
மார்செல்லா

*

வால்தம்
27 ஏப்ரல் 1953 (தேதி போட்டுவிட்டேன், பார்)

அன்பு அக்காவுக்கு,

எஃபியின் முத்தங்கள். நாங்கள் நலம். உன் முழங்காலுக்குக் கற்பூர எண்ணெய் அனுப்புகிறேன். தேய்க்கவேண்டும், அலமாரியில் அழகுக்கு வைக்கக்கூடாது.

டூகல்ட் வாசிக்கிறார் என்று சொன்னதும் லொரெட்டா சமையலறையிலேயே ஓர் ஆட்டம் போட்டாள். என் கலியாணத்துக்கும் அவர்தான். செத்துப்போன என் வீட்டுக்காரர் ஜோவுக்கு ஆடவே தெரியாது. டூகல்ட் வாசித்ததில் அவரே மூன்று சுற்று வந்தார். அந்த விரல்கள் கம்பியைத் தொடுகின்றனவா இல்லையா என்றே தெரியாது. அப்பா உன்னை கான்வென்ட்டுக்கும் என்னை பாஸ்டன் ரயிலுக்கும் அனுப்பினார். பிடில் விஷயத்தில் மட்டும் நம் இருவர் படிப்பும் ஒன்று.

துணி தைத்தாயிற்று. மே மாதம் ஒரு நாள் நான் பாஸ்டன் வரை போகவேண்டியிருக்கிறது. சின்ன வேலை. அது முடிந்தால் பெட்டி கட்ட ஆரம்பித்துவிடுவேன்.

அன்புடன்,
எஃபி

*

போர்ட் அல்லன்
11 மே 1953

அன்புத் தங்கைக்கு,

நலம் என்றுதான் எழுதவேண்டும். காய்ச்சலோ இருமலோ இல்லை. எண்ணெய் வந்தது, தேய்த்தேன்.

இதை உனக்கு எழுதக்கூடாது என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். ஆனால் எழுதாமல் விட்டால் யாரிடம் சொல்வேன். லொரெட்டாவிடம் காட்டாதே.

போன வாரம் ஓர் அந்தியில் ஜெபமாலை முடித்துப் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தேன். காற்று அடங்கியிருந்தது. மண்டபத்திலிருந்து பிடில் கேட்டது. கலியாண மெட்டு அல்ல. சவப்பெட்டியை வீட்டிலிருந்து வெளியே எடுக்கும்போது வாசிப்பார்களே, அந்த மெட்டு. இன்னும் மெதுவாக, இழுத்து இழுத்து. மண்டபத்தில் விளக்கு இல்லை. சால்வையைப் போர்த்திக்கொண்டு புல்வெளியைத் தாண்டிப் போனேன். முன்கதவில் பூட்டு தொங்கியது. பூட்டைக் கையில் பிடித்தேன். கை என் பக்கம், இசை அந்தப் பக்கம். சட்டென்று பாதியில் நின்றது, உள்ளே இருப்பதற்கு நான் வந்தது தெரிந்துவிட்ட மாதிரி. நான் ஓடினேன், எஃபி. எழுபத்தொரு வயதில், ஈரப் புல்லில், ஒரு செருப்பை விட்டுவிட்டு ஓடினேன்.

சாவு வருமுன்பே அதன் சத்தம் கேட்கும், அது முன்சத்தம் என்று ஊரார் சொல்வது பாவமான நம்பிக்கை என்று கான்வென்ட்டில் மதர் ஆக்னஸ் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தார். நான் அதை நம்புகிறவள் அல்ல. ஆனால் நீல் அண்ணன் கடலில் மூழ்குவதற்குச் சில நாள் முன் காலிக் கொட்டகையில் பலகை அறுக்கும் சத்தம் கேட்டதாக அம்மா சொன்னது உனக்கு நினைவிருக்கும். நாம் சிரித்தோம். பிறகு அந்தக் கொட்டகையில்தான் அவனுக்குப் பெட்டி அறுத்தார்கள்.

இப்போது இறால் பருவம். ரோரி விடியுமுன் படகில் போகிறான். கலியாணம் நடக்கவேண்டிய மண்டபத்தில் சாவு மெட்டு கேட்டால் அது யாருக்காக என்று நான் எழுதவேண்டுமா? படகுகள் திரும்பும் நேரத்தில் துறைமுகத்துக்குப் போய் ஏதோ மீன் வாங்குகிறவளைப் போல நிற்கிறேன். எனக்கு மீன் பிடிக்காது என்று எல்லோருக்கும் தெரியும்.

சீக்கிரம் பதில் போடு.

மார்செல்லா

*

வால்தம்
1 ஜூன் 1953

அன்பு அக்காவுக்கு,

பதில் தாமதமானதற்கு மன்னி. நான் நலம்.

சில விஷயங்கள் எனக்குத் தெரியவேண்டும். நீ அதைக் கேட்டது உன் கடிதத்துக்கு முந்தின செவ்வாய்க்கிழமையா? அன்று நான் இங்கே ஒருவரைப் பார்க்கப் போயிருந்தேன், அதனால் கேட்கிறேன். மெட்டு முழுதாக முடிந்ததா, பாதியில் நின்றதா? பாதி என்று எழுதியிருக்கிறாய். சரி.

ரோரிக்காக நீ துறைமுகத்தில் நிற்கவேண்டாம். அவனுக்கு ஒன்றும் வராது, எனக்குத் தெரியும். பாஸ்டனில் இருந்த சின்ன வேலையை வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அம்மா சால்வையில் குத்திக்கொள்ளும் வெள்ளி ஊசியை லொரெட்டாவுக்கு என்று தனியே வைத்திருக்கிறேன். நீலநிறத் தேநீர்க் கோப்பைகள் உனக்கு.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். சாவு விழுந்த வீட்டில் வருஷம் திரும்பும்வரை பிடில் எடுக்கக்கூடாது என்பது நம் வழக்கம். இந்த முறை அந்த வழக்கம் வேண்டாம். நான் கலியாணத்துக்கு வர முடியாமல் போனாலும் டூகல்ட் வாசிக்கட்டும். எனக்குப் பயமில்லை, அக்கா. மனசு தெளிவாக இருக்கிறது.

எஃபி

*

போர்ட் அல்லன்
8 ஜூன் 1953

எஃபி,

நலம் விசாரிக்க மறந்துவிட்டேன் என்று நினைக்காதே. இந்தக் கடிதம் முழுக்க அதுதான். கோப்பையை ஏன் எனக்குக் கொடுக்கிறாய்? என்ன வேலை அது, எதை விட்டாய்? நீ எழுதிய தெளிவு எனக்குப் பிடிக்கவில்லை. தெளிவாக எழுதுகிற பழக்கம் உனக்கு என்றைக்கும் கிடையாது.

அது மறுபடி கேட்டது. இரண்டு அந்திகள். நான் வெளியே போகவில்லை. கதவைத் தாழிட்டுவிட்டு, கெண்டி கொதித்து வற்றும்வரை நாற்காலியை விட்டு எழவில்லை.

ஃபாதர் கொலினிடம் போனேன். "கேட்டது காதுக்கா, மனசுக்கா?" என்றார்.

"என் காது நல்லாத்தான் இருக்கு, ஃபாதர். போன ஞாயிறு பூசையில நிருபம் வாசிச்சப்ப நீங்க ஒரு வரியைத் தாண்டிட்டீங்க," என்றேன். ஜெபிக்கச் சொன்னார். ஜெபிக்கிறேன்.

அங்கிருந்து டூகல்ட் வீட்டுக்குப் போனேன், இசையே வேண்டாம் என்று சொல்லிவிட. அழைக்காவிட்டால் அது வராது என்று ஒரு பைத்தியக்கார நினைப்பு.

"அந்த மண்டபத்துல நான் கேட்டேன், டூகல்ட்," என்றேன்.

அவர் முகத்தில் ரத்தமே இல்லை. "யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"தங்கச்சிக்கு எழுதினேன். ஃபாதருக்கும் தெரியும்."

"அதோட நிறுத்திக்கங்க, அம்மா. ஊர் வாயில விழுந்தா என்னால தாங்க முடியாது."

"இனி மாறாதா?"

"வேண்டாத சாமி இல்ல. மாறல," என்றார்.

அவருக்கும் கேட்டிருக்கிறது, எஃபி. ஐம்பது வருஷமாகச் சாவு வீடுகளில் வாசித்த மனிதர், அவரே அப்படி நடுங்குகிறார். வீட்டுக்கு வந்துவிட்டேன். அவரை வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வேண்டும் என்றும் சொல்லவில்லை.

உடனே எழுது.

மார்செல்லா

*

வால்தம்
13 ஜூன் 1953

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

லொரெட்டா எழுதுவது. நீங்கள் நலமாக இருக்கவேண்டும் என்று வேண்டுகிறேன். இந்தக் கடிதம் எழுதுவது அம்மாவுக்குத் தெரியாது.

அம்மாவின் மார்பில் ஒரு கட்டி இருக்கிறது. டாக்டர் ஏப்ரலிலேயே கண்டுபிடித்திருக்கிறார். மே மாதம் அறுவைக்கு நாள் குறித்திருந்தார்கள். எனக்கு இது எதுவும் தெரியாது. ஏன் வரவில்லை என்று ஆஸ்பத்திரியிலிருந்து தொலைபேசியில் கேட்டபோதுதான் தெரிந்தது.

நான் சண்டை போட்டேன். அம்மா உங்கள் கடிதத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். "நான் டாக்டர் முன்னாடி உக்காந்திருந்த அன்னைக்கு அங்க எனக்கு வாசிச்சிருக்காங்கடி. வந்தது வந்துருச்சு. இனி கத்தி எதுக்கு? ஒழுங்கா உன் கலியாணத்தைப் பாத்துட்டுப் போறேன்," என்றார். தொப்பி போட்டுக்கொண்டு கிளம்பியவர், உங்கள் கடிதம் வந்த பிறகு தொப்பியைக் கழற்றி மாட்டிவிட்டாராம்.

டாக்டர் மறுபடி ஜூலை மூன்றாம் தேதி கொடுத்திருக்கிறார். அதற்குமேல் தள்ளினால் தன்னால் ஒன்றும் சொல்லமுடியாது என்கிறார். நான் சொன்னால் கேட்கமாட்டார். நீங்கள் சொன்னால் கேட்பார். கலியாணம் எப்போது வேண்டுமானாலும் நடக்கட்டும், பெரியம்மா. எனக்கு அம்மா வேண்டும்.

உங்கள் மகள் போன்ற,
லொரெட்டா

*

போர்ட் அல்லன்
18 ஜூன் 1953

என் தங்கை எஃபிக்கு,

இன்று காலை நான் கொடுத்த தந்தி இதற்கு முன்பே வந்திருக்கும். "வாசித்தது டூகல்ட். ஆஸ்பத்திரிக்குப் போ" என்பதன் அர்த்தம் இதுதான்.

லொரெட்டாவின் கடிதம் நேற்று வந்தது. அவளைத் திட்டாதே. வாசித்து முடித்தபோது அடுப்பில் நெருப்பு அணைந்திருந்தது, நான் கவனிக்கவில்லை. அந்தியில் மறுபடி பிடில் கேட்டது. அதே மெட்டு.

எனக்குப் பயம் போய்விட்டது என்று எழுதினால் பொய். ஆனால் உள்ளே இருப்பது எதுவானாலும், என் தங்கை உனக்கில்லை என்று அதன் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வரவேண்டும் என்று தோன்றியது. ஜெபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு போனேன். முன்கதவு பூட்டியிருந்தது. பின்பக்கம் போனேன். சமையல் கட்டுக் கதவு ஒருக்களித்து இருந்தது. அந்தப் பக்கம் போய்ப் பார்க்கவேண்டும் என்று இத்தனை நாள் எனக்குத் தோன்றவேயில்லை.

"ஆண்டவர் பேரால கேக்குறேன், யார் அது?" என்றேன்.

இசை நின்றது. ஒரு நாற்காலி விழுந்தது. "மார்செல்லாம்மா, ஏன் இப்படிக் கத்துறீங்க? என் உயிரே போயிருக்கும்," என்றது டூகல்டின் குரல்.

குளிர்காலத்திலிருந்து அவருக்கு இடக்கையில் கடைசி இரண்டு விரல்களும் மரத்துப்போயிருக்கின்றன. வேக மெட்டு எதுவும் வரவில்லை. மெதுவானதை வாசித்தாவது பழக்கிவிடலாம் என்று பார்த்திருக்கிறார். வீட்டில் எடுத்தால் பக்கத்து வீட்டுக்காரர்கள் தேநீருக்கு வந்து உட்கார்ந்துவிடுவார்கள். கோயில் மணியடிக்கிற மைத்துனனிடம் பின்சாவி வாங்கிக்கொண்டு, விளக்குக்கூட இல்லாமல் இங்கே வந்து வாசித்திருக்கிறார்.

"அன்னைக்கே கேட்டேன்னு சொன்னீங்களே," என்றார்.

"நான் சாவைக் கேட்டேன்னு நெனச்சேன், டூகல்ட்."

விழுந்த நாற்காலியை நிமிர்த்தினார். "என் வாசிப்பு அவ்வளவு மோசமாவா இருந்துச்சு?" என்று கேட்டார்.

நான் சிரித்தேன். சிரிப்பு நின்றபோது முகம் ஈரமாக இருந்தது.

கை விஷயம் யாருக்கும் தெரியவேண்டாம் என்றார். உனக்கு மட்டும் எழுதவேண்டும் என்றேன். தலையை ஆட்டினார். யாருக்கும் யாரும் எதையும் வாசிக்கவில்லை, எஃபி. கிழவர் ஒருவர் விரல் பழக்கியிருக்கிறார். தொப்பியை எடு. போ.

அக்கா

*

வால்தம்
23 ஜூன் 1953

அன்பு அக்காவுக்கு,

நலம். தந்தியும் கடிதமும் வந்தன.

உன் அன்பு எனக்குத் தெரியும். ஆனால் உனக்குப் பொய் சொல்ல வராது, அக்கா. அதை கான்வென்ட்டில் கற்றுக்கொடுக்கவில்லை. டூகல்ட் கென்னடிக்கு விரல் வரவில்லையா? அந்த விரலைப் பார்த்தவள் நான். லொரெட்டா எழுதியதும் நீ பயந்து, யாரையாவது அந்த மண்டபத்துக்குள் உட்காரவைக்கவேண்டும் என்று தேடியிருக்கிறாய். அவர் கிடைத்தார். மே மாதம் பூட்டைத் தொட்டு ஓடியவள் ஜூன் மாதம் பின்கதவைக் கண்டுபிடித்தாளாம்.

நான் உன்மேல் கோபமாக இல்லை. முதல் கடிதத்தில் நீ எழுதியதுதான் உண்மை. அதில் உன் எழுத்து நடுங்கியிருந்தது. இதில் நடுங்கவில்லை.

லொரெட்டா இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. அவளைச் சமாதானப்படுத்தி ஒரு வரி எழுது.

எஃபி

*

போர்ட் அல்லன்
29 ஜூன் 1953

எஃபிக்கு,

உன் குரலைக் கேட்டு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. தொலைபேசியில் நீ சொன்னது உனக்குத் தெரியும். நீ பார்க்காததை எழுதுகிறேன்.

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. அதை எடுத்துக்கொண்டு டூகல்டிடம் போனேன். வாசித்துக் காட்டினேன்.

"அப்ப நான் என்ன செய்யணும்?" என்றார்.

"ஆர்ச்சி கடை ஃபோன்ல அவளுக்கு வாசிக்கணும்."

"எல்லா வீட்டு ஃபோனும் அந்த ஒரே கம்பியில, அம்மா. பாஸ்டன் மணி அடிச்சா ஒருத்தர் விடாம எடுத்துக் கேப்பாங்க. என் மானம் போகும்னு தெரிஞ்சுதான் கேக்குறீங்களா?"

"தெரிஞ்சுதான் கேக்குறேன்."

யாரிடமும் எதையும் இப்படிக் கேட்டவள் இல்லை நான். இன்று காலை கோயிலுக்குப் போடும் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். பிடிலுக்குச் சுருதி சேர்க்க வெகுநேரம் எடுத்தது. மணி அடித்ததும் ஒவ்வொரு வீடாகக் கருவியை எடுக்கும் சத்தம் கேட்டது. "எல்லாரும் வச்சிருங்க, இது குடும்ப விஷயம்," என்றேன். ஒருவரும் வைக்கவில்லை. பெரிய சாராவின் சுவர்க்கடிகாரம்கூடக் கேட்டது.

ஆர்ச்சி, மாவு மூட்டைமேல் ஏறி நின்று பேசுகுழலை அவர் பிடிலுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டான். அவர் வாசித்தார். ஏறுகிற இடத்தில் விரல் தடுக்கியது. திரும்ப எடுத்தார், மறுபடி தடுக்கியது. அவர் கழுத்தில் வியர்வை வழிந்தது. நிறுத்தவில்லை. இந்த முறை கடைசிவரை வாசித்தார்.

அப்புறம் உன் பக்கத்தில் சத்தமே இல்லை. கம்பி அறுந்துவிட்டது என்று நினைத்தேன். பிறகு நீ, "செத்தவங்க வாசிச்சா இப்படித் தடுக்காதே, அக்கா," என்றாய். உடனே யாரோ ஒரு பெண், யார் என்று எனக்குத் தெரியும், "அய்யோ டூகல்ட், உன் கை," என்று கம்பியிலேயே அழ ஆரம்பித்தாள்.

அவர் பிடிலைத் துணியில் சுற்றினார். "ஊருக்குத் தெரிஞ்சாச்சு. கலியாணத்துக்கு வேற ஆளைப் பாருங்க, அம்மா," என்று சொல்லிவிட்டுப் போனார். பெண்ணின் தாய் நீ, நீ சொல்.

வெள்ளிக்கிழமை நீ போகிறாய் என்று ஊர் முழுக்கக் கேட்டிருக்கிறது. இனி பின்வாங்க முடியாது.

உனக்காக,
மார்செல்லா

*

பாஸ்டன், ஆஸ்பத்திரி
2 ஜூலை 1953

அன்பு அக்காவுக்கு,

நலமா என்று கேட்டால் நாளைக்குத்தான் தெரியும். மோதிரத்தைக் கழற்றி லொரெட்டாவிடம் கொடுக்கச் சொன்னார்கள். சோப்புப் போட்டும் வரவில்லை, நூல் சுற்றி எடுத்தார்கள்.

கலியாணத் தேதியை மாற்றாதே. எனக்கு என்ன ஆனாலும், வழக்கத்தை எடுத்துக்கொண்டு யாரும் பிடிலுக்கு முன்னால் நிற்கவேண்டாம். ஆட்டத்துக்கு ஜுடிக் பையனைக் கூப்பிடு. லொரெட்டா மண்டபத்துக்குள் வரும்போது மட்டும் டூகல்ட் வாசிக்கட்டும், அவரால் எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாக. தடுக்கினால் தடுக்கட்டும். நான் அமர்த்தினேன் என்று சொல். வரமாட்டேன் என்று அவர் என்னிடம் சொல்லமுடியாது.

டாக்டர் எதையும் உறுதியாகச் சொல்லவில்லை. தாமதமாகிவிட்டதா என்று கேட்டேன். திறந்து பார்க்கவேண்டும் என்றார். போன மாதம் எல்லாம் முடிவாகிவிட்டது என்று நினைத்தேன், அதனால் பயம் இல்லை. இப்போது எதுவும் முடிவாகவில்லை. பயமாக இருக்கிறது, அக்கா. போர்வைக்குள் கால் நிற்காமல் ஆடுகிறது. பக்கத்துக் கட்டில் அம்மாள், "குளிருதா?" என்று கேட்டுத் தன் போர்வையையும் கொடுத்தார்.

விடிந்ததும் கூட்டிப்போவார்கள். அதன்பிறகு கொஞ்ச காலம் வலக்கையைத் தூக்கமுடியாதாம். நான் சொல்லச் சொல்ல லொரெட்டாதான் எழுதுவாள். உறையின் மேல் அவள் கையெழுத்து இருக்கும். அதைப் பார்த்ததும் பயந்துவிடாதே. முதலில் பிரித்துப் பார்.

உன் தங்கை,
எஃபி